சைக்கிள் பயணத்துக்கு ஹமொக் வாங்கும்போது அகலத்தை விடுங்கள், நீளத்தைப் பாருங்கள்

தம்பி, முதலில் நீங்கள் கேட்டதை வைத்துக்கொள்வோம். ஓகஸ்ட் மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி, மன்னார், பூநகரி என்று சுற்றி யாழ்ப்பாணம் போக நினைக்கிறீர்கள். தை, மாசியில் அப்புத்தளை, நுவரெலியா. உங்கள் உயரம் 173 சென்ரிமீற்றர், நிறை 70 கிலோ. நண்பர் தந்த ‘டபுள்’ ஹமொக், அதாவது இரண்டு மரங்களுக்கு இடையில் கட்டிப் படுக்கும் துணித் தொட்டில், ஒன்று கையில் இருக்கிறது. 260 சென்ரிமீற்றர் நீளம், 200 அகலம். அது போதுமா, வேறு வாங்குவதா, இல்லை கூடாரமே நல்லதா?

இரவு முழுக்கப் படுக்க அது போதாது. குறைந்தது 320, கிடைத்தால் 335 சென்ரிமீற்றர் நீளமான ஒன்று உங்களுக்கு வேண்டும். நிறை, விலை, நிறம், கம்பனிப் பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் உங்கள் முதுகு. நாள் முழுக்க ஹாண்டிலைப் பிடித்துக் குனிந்தபடி 80 கிலோமீற்றர் மிதித்து வந்தவருக்கு இரவில் முதுகு நிமிர வேண்டும். இரண்டு பக்கமும் சுருக்கிக் கட்டிய துணியில் நடுக்கோட்டில் நேராகப் படுத்தால் உடம்பு வில்லாக வளையும். மூலைக்கு மூலை, தலை இடப்பக்கமும் கால் வலப்பக்கமுமாகச் சரிந்து படுத்தால்தான் துணி விரிந்து தட்டையாகும். அப்படிச் சரிந்து படுக்கத் துணி உங்கள் உயரத்தைவிட ஒரு மீற்றருக்கு மேல் நீளமாக இருக்க வேண்டும். 260இல் உங்களுக்கு மிஞ்சுவது 87 சென்ரிமீற்றர்தான். கால் நுனி துணியின் சுருக்கத்துக்குள் ஏறிவிடும், கெண்டைக்காலின் கீழ் துணி வரம்புபோல் எழும்பி நிற்கும், முழங்கால் பின்பக்கமாக மடங்கி இழுபடும். அடுத்த நாள் மிதிக்க வேண்டியது அதே முழங்காலால்தான்.

கடைகளில் ‘சிங்கிள்’, ‘டபுள்’ என்று பிரிப்பது அகலத்தை வைத்து. ‘டபுள்’ என்றால் பெரிது, பெரிது என்றால் வசதி என்று வாங்குகிறோம். கணக்கைப் பாருங்கள். 2.6 மீற்றரை 2 மீற்றரால் பெருக்கினால் 5.2 சதுர மீற்றர் துணி. 3.3 நீளமும் 1.5 அகலமும் உள்ள ஒன்றில் 4.95. அதாவது நீளமான ஹமொக்கில் துணி கொஞ்சம் குறைவு, ஆகவே நிறையும் குறைவு. படுக்கையோ பல மடங்கு நல்லது. அகலம் கூடிய துணியின் ஓரங்கள் இரண்டும் முகத்துக்கு மேல் மடிந்து விழுந்து காற்றை மறிக்கும். நம் புழுக்கத்தில் அது பெரிய தொல்லை.

என் முதல் ஹமொக்கும் உங்களுடையதைப் போன்ற ‘டபுள்’தான். கேகாலைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில், சொந்தக்காரரிடம் கேட்டு, முதல் இரவு அதில் படுத்தேன். இரவு ஒரு மணிக்குப் பிறகு நித்திரையே இல்லை. முழங்காலை மடிப்பதும் நீட்டுவதுமாகக் கிடந்தேன். விடியமுன் பால் வெட்ட வந்த அம்மா ஒருவர் தலைவிளக்கோடு என்னைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். அன்று பின்னேரம் கடுகண்ணாவை ஏற்றத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனது ஏற்றத்தின் கடுமையால் மட்டுமல்ல, நித்திரைக் களைப்பாலும்தான். இறப்பர் மரத்தில் கட்டுவதானால், ஹமொக்கை மரத்தோடு கட்டும் பட்டி பால் வெட்டும் பக்கத்தில் படாமல் கட்டுங்கள், விடியமுன் எழும்பிவிடுங்கள். மரம் அவர்களுக்குச் சோறு.

நீளத்துக்கு அடுத்தது முகட்டுக் கயிறு. ஹமொக்கின் இரண்டு நுனிகளையும் மேலே இணைக்கும் மெல்லிய, நீளாத கயிறு அது. அதன் நீளம் துணி நீளத்தில் 83 சதவீதம் அளவில் இருந்தால் எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு ஒரே அளவில் அமையும். 335 சென்ரிமீற்றர் ஹமொக்குக்கு 278 சென்ரிமீற்றர் கயிறு. நுளம்பு வலையைத் தூக்கிப் பிடிப்பதும், கண்ணாடி, டோர்ச், போன் வைக்கும் சின்னப் பையைத் தொங்கவிடுவதும் இதில்தான். வாங்கும் ஹமொக்கில் இது இல்லாவிட்டால் நீங்களே கட்டிக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை.

தொய்வு என்றேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்கள் விழுவது இங்கேதான். இறுக்கி இழுத்துக் கட்டினால் தட்டையாக இருக்கும் என்று நினைத்து, கம்பிபோல் இழுத்துக் கட்டுவார்கள். பட்டி கிடைமட்டத்திலிருந்து 30 பாகையில் ஏறினால் 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கப் பட்டியிலும் விழும் இழுவை 70 கிலோ. 15 பாகையானால் 135. 10 பாகையில் 200ஐத் தாண்டும். 5 பாகையில் 400 கிலோ. ஏறி உட்காரும்போது ஒரு குலுக்கல் வந்தால் அதற்கும் மேலே. மரத்துக்கும் தையலுக்கும் கொக்கிக்கும் இந்தப் பாரம் ஏன்? பெருவிரலை மேலேயும் சுட்டுவிரலைக் கிடையாகவும் நீட்டிப் பிடியுங்கள். இரண்டு நுனிகளையும் இணைக்கும் சரிவுதான் ஏறக்குறைய 30 பாகை. ஒவ்வொரு இரவும் அப்படிப் பிடித்துப் பார்த்துக் கட்டுங்கள். மரங்களுக்கு இடையில் நாலரை மீற்றர் இருந்தால் பட்டி ஏறக்குறைய உங்கள் தலை உயரத்தில் வரும், ஹமொக் கதிரை உயரத்தில் தொங்கும். அதைவிட உயரமாகத் தொங்கவிட வேண்டாம்.

இதே கணக்கால்தான் வீட்டு விறாந்தையின் செங்கல் தூணில் கட்ட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். தூண் கூரையின் பாரத்தை மேலிருந்து கீழாகத் தாங்கக் கட்டியது. பக்கவாட்டு இழுவைக்குக் கட்டியதல்ல. உள்ளே கம்பி இல்லாத தூண் சரிந்தால் நேரே படுத்திருப்பவர் மேல் விழும். பழைய மதிலும் அப்படியே. தங்க இடம் தந்த வீட்டுக்காரர் நல்ல மனதோடு “இதில கட்டுங்கோ தம்பி” என்று தூணைக் காட்டுவார். நன்றி சொல்லிவிட்டு விறாந்தையில் பாய் போட்டுப் படுங்கள்.

பட்டி பொலியெஸ்ரராக இருக்க வேண்டும். நைலோன் பட்டி பாரத்தில் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். பத்து மணிக்குக் கதிரை உயரத்தில் படுத்தவர் இரண்டு மணிக்கு நிலத்தைத் தொடுவார். அகலம் 2.5 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்து உள்ளே இருக்கும் உயிருள்ள படையை நசுக்கும். வெளிநாட்டுப் பட்டி வாங்க வேண்டும் என்றில்லை. லொறியில் சாமான் இறுக்கும் பட்டி பெரும்பாலும் பொலியெஸ்ரர்தான். கொழும்பு பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இறுக்கும் இரும்புப் பூட்டைக் கழற்றிவிட்டு, ஒரு நுனியில் கண் வைத்துத் தைப்பித்தால் போதும். நிறையத் துளைக்கண் வைத்த ஆயத்தப் பட்டிகள் கட்டச் சுலபம், ஆனால் பாரம். பட்டியில் மாட்டும் உலோகக் கொக்கியான கரபினர் வாங்கினால் அதில் கிலோநியூட்டன் அளவு பொறித்திருக்க வேண்டும். 1 கிலோநியூட்டன் ஏறக்குறைய 100 கிலோ இழுவை. சாவிக்கொத்தில் மாட்டும் கொக்கியில் உயிரைத் தொங்கவிடக் கூடாது.

மரம் பார்க்கும் கண்ணும் வேண்டும். வேம்பு, புளி, மா, தேக்கு எல்லாம் நல்ல மரங்கள். தொடையளவு பருமனாவது இருக்க வேண்டும். முருங்கை சடக்கென்று முறியும் மரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடியில் கறையான் புற்று ஏறியதையும், தட்டினால் பொள்ளென்று கேட்பதையும் விடுங்கள். பிறகு அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கொப்பு தலைக்கு நேரே இருந்தால் வேறிடம். புத்தளம் வரை வழியெல்லாம் தென்னந்தோட்டம். வரிசையாக, அளவான இடைவெளியில், ஹமொக்குக்காகவே நட்டதுபோல் நிற்கும். காய் நிற்கும் தென்னையின் கீழ் ஒரு நாளும் படுக்க வேண்டாம். பனையும் அப்படித்தான். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை நம் பழமொழியில் இருப்பது சும்மாவல்ல, ஓகஸ்ட் மாதம் பனம்பழம் விழும் காலம். காவோலையும் ஓசையில்லாமல் கழன்று வரும்.

இனி வலை. நுளம்பு இல்லாத இடம் என்று இந்தத் தீவில் நான் படுத்ததில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது பெரிய விஷயம்தான், ஆனால் டெங்கு இருக்கிறது. அதைப் பரப்பும் நுளம்பு காலையிலும் மாலையிலும் கடிப்பது. ஆகவே விடிந்தவுடன் வலையைச் சுருட்டிவிட்டுக் கால் நீட்டிக் கிடக்க வேண்டாம். அனுராதபுரப் பக்கம் மணல் ஈயும் உண்டு, தோலில் ஆறாப் புண் உண்டாக்கும் லீஷ்மேனியாசிஸ் அதனால் வருவது. மணல் ஈ நுளம்பைவிட மிகச் சின்னது, சாதாரண நுளம்பு வலைக் கண்ணுக்குள்ளால் நுழைந்துவிடும். எனவே நெருக்கமான கண் உள்ள வலையைத் தேடி வாங்குங்கள். ஹமொக்கோடு சேர்த்துத் தைத்து சிப் வைத்த வலை எனக்குப் பிடித்தது. வேண்டாதபோது ஒரு பக்கம் சுருட்டிவிடலாம்.

புதியவர்கள் அறியாத இன்னொன்று: நுளம்பு கீழேயிருந்து துணிக்குள்ளால் குத்தும். முதுகு அழுந்தி இறுகிய மெல்லிய நைலோன் அதற்கு ஒரு தடையே அல்ல. இரண்டு படைத் துணி உள்ள ஹமொக் என்றால் இடையில் மெல்லிய ஃபோம் பாய் ஒன்றைச் செருகலாம். நுளம்பு ஊசி எட்டாது, பாயும் நழுவாது. மலைநாட்டுக் குளிருக்கும் அதே பாய் வேண்டும் என்பதால் உங்களுக்கு நான் சொல்வது இரண்டு படை. 150, 200 கிராம் கூடும். அதற்காக வருந்த வேண்டாம்.

தறப்பாளுக்குத்தான் காசைச் செலவழியுங்கள். ஹமொக் வெறும் துணி, கூரைதான் வீடு. முகட்டு நீளம் 3.3 மீற்றருக்குக் குறையாமல், அகலம் மூன்று மீற்றர் அளவில், சிலிக்கோன் பூசிய பொலியெஸ்ரர் துணியில் பாருங்கள். சிலிக்கோன் பூசிய நைலோனும் நல்லதுதான், ஆனால் நனைந்தால் தொய்யும். நடு இரவில் எழும்பி இழுத்துக் கட்ட வேண்டிவரும். நாம் எல்லோரும் அறிந்த நீலத் தறப்பாள் தண்ணீர் விடாது, ஆனால் பாரம், மடித்தால் பெரிய பொதி. உங்கள் பாதையில் ஓகஸ்டில் மழையைவிடக் காற்றுத்தான் பிரச்சினை. சோளகம் கற்பிட்டியிலிருந்து மன்னார் வரை நாள்கணக்கில் ஓயாமல் அடிக்கும். காற்று வரும் பக்கத்துத் தறப்பாள் ஓரத்தைத் தாழ்த்தி நிலத்தோடு அடித்து, மறுபக்கத்தைச் சற்றுத் தூக்கிக் கட்டுங்கள். மணலில் மெல்லிய ஆணி நிற்காது. சின்னப் பையில் மணல் நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டினால் அசையாது. மழை நாளில் பட்டி வழியே தண்ணீர் ஓடி ஹமொக்குக்குள் வரும். தறப்பாளுக்கு உட்புறமாகப் பட்டியில் ஒரு துண்டு நூலை முடிந்து தொங்கவிடுங்கள். தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும்.

கூடாரமா ஹமொக்கா என்றும் கேட்டிருந்தீர்கள். நிறை குறைவு என்பதற்காக ஹமொக்கைத் தெரிய வேண்டாம். ஹமொக் 450 கிராம், பட்டி 250, வலை 250, தறப்பாள் 500, ஆணி கயிறு 100 என்று கூட்டினால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். ஒராள் கூடாரமும் அந்தளவில் கிடைக்கும். நான் ஹமொக்கின் பக்கம் நிற்பது வேறு காரணங்களுக்காக. கூடாரத்துக்குள் நம் வெக்கையில் அவிந்துபோவோம். ஹமொக்கில் கீழாலும் காற்று வரும். கல்லும் வேரும் சரிவும் ஈரமும் பிரச்சினையில்லை. பாம்பு முக்கிய காரணம்: கட்டுவிரியன் இரவில் ஊர்ந்து வந்து நிலத்தில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது வறண்ட வலயத்து ஊர்களில் பழைய துயரம். கடி வலி குறைவு என்பதால் பலர் உணராமலே படுத்திருந்துவிடுகிறார்கள். நிலத்திலிருந்து 45 சென்ரிமீற்றர் உயரத்தில், வலைக்குள் கிடப்பது எனக்கு மனநிம்மதி. காலையில் சப்பாத்தைத் தட்டிப் பார்த்துப் போடும் பழக்கத்தை மட்டும் விட வேண்டாம்.

யானைக்கு ஹமொக் எந்தப் பதிலும் அல்ல. புத்தளம் - அனுராதபுரம் வீதியில் கருவலகஸ்வெவ பக்கம் யானை நடமாட்டம் உண்டு. அந்தத் துண்டைப் பகலில் கடந்து, இரவை ஊருக்குள், கோயிலிலோ விகாரையிலோ வீட்டு வளவிலோ கேட்டுத் தங்குங்கள். தேசிய பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் கட்டிப் படுக்கச் சட்டம் இடம்தராது. ஹோட்டன் சமவெளியிலும் வனசீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடத்தில் அனுமதி எடுத்துத்தான் தங்கலாம்.

மரமே இல்லாத இடத்துக்கும் ஆயத்தம் வேண்டும். மடுப் பக்கம் நிழல் மரங்கள் தாராளம். ஆவணித் திருவிழாவுக்கு வரும் சனம் மரங்களின் கீழேயே குடும்பமாகத் தங்கும். மன்னாரைத் தாண்டிப் பூநகரி வீதியில் ஏறினால் வெட்டை. பனையும் முட்பற்றையும்தான், 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் கடக்கும்வரை அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இரவுக்கு இரண்டு வழி: திருக்கேதீச்சரத்திலோ வேறு கோயிலிலோ மடத்தில் இடம் கேட்பது, அல்லது சைக்கிளைத் தூணாக்கித் தறப்பாளை ஒரு பக்கச் சரிவாகக் கட்டி, கீழே ஃபோம் பாயில் வலைக்குள் படுப்பது. சைக்கிள் தறப்பாளைத் தாங்கும். உங்களைத் தாங்காது, அதில் ஹமொக் கட்டிப் பார்க்க வேண்டாம்.

மலைநாட்டுக்கு ஒரு சொல். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். தை, மாசியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி பூக்கும். ஹமொக்கில் குளிர் முதுகில்தான் ஏறும். ஸ்லீப்பிங் பாக்கின் பஞ்சு உங்கள் பாரத்தில் நசுங்கிவிடுவதால் அடியில் அது வேலை செய்யாது. கீழே ஓடும் காற்று உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு படைக்கு நடுவில் அந்த ஃபோம் பாய், தோள் பக்கம் இன்னொரு துண்டு அகலமாக. அடிக்குக் கீழே தொங்கும் பஞ்சுப் போர்வை இதைவிட நல்லது, ஆனால் விலை கூட. ஒரு பயணத்துக்காக வாங்கத் தேவையில்லை. தேயிலைத் தோட்டத்து நிழல் மரங்களில் கட்டுவதானால் தோட்டத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

வகைகளில், கடற்கரை ஹோட்டல்களில் காணும் இரு முனையும் தடி வைத்தது வேண்டாம், புரளும், மடியாது. அடியில் திறந்து ஏறும் ஹெனெஸி கம்பனியின் ஹமொக் நன்றாக அடைபடும், ஆனால் பாயோடு ஏறி இறங்கச் சிரமம். நோர்வேக் கம்பனியான அமொக்கின் ஹமொக்கில் குறுக்காகப் படுக்கலாம், அருமையான படுக்கை. காற்றடைத்த தடித்த பாய் இல்லாமல் அது இயங்காது, பொதியும் பெரிது. உங்களுக்கு இரு முனையும் சுருக்கிக் கட்டும் சாதாரண ஹமொக்தான் சரி. கடையில் நீளமானது கிடைக்காவிட்டால் கெய்சர் வீதியில் நெருக்கமாக நெய்த நைலோன் துணி எடுத்து, தெரிந்த தையற்காரரிடம் நீளப்பக்கம் இரண்டிலும் மடிப்புத் தையலும், முனைகளில் கயிறு நுழையும் குழலும் தைப்பிக்கலாம். நாங்கள் சேலையில் ஏணை கட்டித் தூங்கிய ஆட்கள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பருத்தி வேண்டாம். காயாது, பூஞ்சணம் பிடிக்கும். தைத்த பிறகு முழங்காலளவிலும் தாழ்வாகக் கட்டி, கீழே மெத்தை போட்டு, இரண்டு மூன்று இரவு படுத்துப் பார்த்த பிறகே வீதிக்குக் கொண்டுபோங்கள்.

சைக்கிளில் ஏற்றும்போது தறப்பாளை மற்றவற்றோடு சேர்க்காமல் பின் கரியரின் மேல் தனியாகக் கட்டுங்கள். மழையில் முதலில் விரிப்பதும், காலையில் கடைசியாக ஈரத்தோடு மடிப்பதும் அதுதான். ஹமொக்கும் வலையும் ஹாண்டில் பையில், உலர்ந்தபடி. இரவில் சைக்கிளை மரத்தோடு பூட்டி, சில்லிலிருந்து ஒரு நூலை முகட்டுக் கயிற்றில் முடிந்துவிடுங்கள். யாரும் அசைத்தால் தெரியும்.

நண்பர் தந்த 260ஐ எறிய வேண்டாம். மத்தியான வெயிலில் ஒரு மணித்தியாலம் சாய்ந்து கிடக்க அது போதும். இரவில் நீங்கள் படுக்கும் ஹமொக்கின் கீழே அதைத் தாழ்வாகக் கட்டினால், பைகள் ஈரத்திலும் எறும்பிலும் படாமல் அதில் கிடக்கும்.